மாடிக்கு வேண்டியது இன்னொரு ரவுட்டர் அல்ல



வீட்டு இணையம் பற்றி நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. கீழே ஹாலில் நெட் நன்றாக வருகிறது; மாடி அறைக்குப் போனால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஆன்லைன் வகுப்புக்காக மகள் மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறாள். வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேச, மூட்டு வலியோடு தாத்தா படியிறங்கி வருகிறார். கடையில் போய்ச் சொன்னால், ‘இன்னொரு ரவுட்டர் போட்டுடுங்க சார், சரியாயிடும்’ என்கிறார்கள். வாங்கி மாட்டியதும் மாடியில் சிக்னல் கோடுகள் நிறைந்துவிடுகின்றன. மறுநாளே வேறு தொல்லைகள் தொடங்குகின்றன. மாடியிலிருந்து பிரின்ட் கொடுத்தால் கீழே இருக்கும் பிரின்டரைக் காணவில்லை என்கிறது. ஃபோனில் இருக்கும் படத்தை டிவிக்கு அனுப்ப முடியவில்லை. சில வீடுகளில் இரண்டு தளத்திலும் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது.

இந்த வீடுகளுக்குத் தேவைப்பட்டது ஆக்சஸ் பாயின்ட். வாங்கி வந்தது ரவுட்டர். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிப் பெட்டிகள்தான். செய்யும் வேலை முற்றிலும் வேறு. உழைத்துச் சம்பாதித்த பணம் இந்த ஒரு வேறுபாடு தெரியாததால் வீணாவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியிலிருந்து தொடங்குவோம். அந்த ஒரே பெட்டிக்குள் நான்கு கருவிகள் இருக்கின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது ஒன்று. பின்பக்கம் வரிசையாக இருக்கும் லேன் துளைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் இரண்டாவது. மூன்றாவது ரவுட்டர். ஆன்டெனா வழியாக ஃபோன்களோடு பேசும் ஆக்சஸ் பாயின்ட் நான்காவது. நாம் வைஃபை என்று சொல்வது இந்த நான்காவது கருவியின் வேலையை மட்டும்தான்.

ரவுட்டர் இருப்பது எல்லையில். அதற்கு இந்தப் பக்கம் நம் வீட்டுக் கருவிகள், அந்தப் பக்கம் உலகம். வீட்டில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. எண்ணைக் கொடுப்பது அதன் முதல் பொறுப்பு. உங்கள் ஃபோனில் வைஃபை விவரங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். பக்கத்து வீட்டு ஃபோனிலும் அச்சாக அதே எண் இருக்கலாம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென ஒதுக்கிவைத்த எண்கள் அவை. வெளியே இணையத்தில் அவை செல்லாது.

வெளியே செல்லுபடியாகும் எண்களுக்கோ கடும் பஞ்சம். நான்காம் பதிப்பு ஐ.பி. முறையில் உலகம் முழுவதற்கும் இருப்பதே சுமார் 429 கோடி எண்கள். மண்டல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வைத்திருந்த மைய இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. ஆகவே இந்த முறையில் ஒரு வீட்டில் எத்தனை ஃபோன், மடிக்கணினி, டிவி இருந்தாலும் அவை எல்லாம் ஒரே வெளி எண்ணின் பெயரில்தான் உலகத்தோடு பேசுகின்றன. எந்தக் கருவி எதைக் கேட்டது என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் கேட்ட கருவியிடமே சேர்ப்பது ரவுட்டர்தான். நாம் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுவே. வீட்டின் மொத்தக் கணக்குவழக்கும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இந்த வேலை சரியாக நடக்கும்.

ஆக்சஸ் பாயின்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. கம்பியில் வருவதை ரேடியோ அலையாக அனுப்பும். அலையில் வருவதைக் கம்பியில் சேர்க்கும். பாஸ்வேர்டு சரியா என்று பார்க்கும். அலையில் போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும். எண் கொடுப்பது, வெளியுலகத்துக்கு வழி சொல்வது, யார் எதைக் கேட்டார்கள் என்று நினைவில் வைப்பது எல்லாவற்றையும் ரவுட்டரிடம் விட்டுவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நாம் இதைச் சரியாகத்தான் செய்கிறோம். மாடியில் ஒரு குளியலறை கட்டினால் அங்கே குழாய் இழுக்கிறோமே தவிர, இன்னொரு மோட்டார் வாங்கி வைப்பதில்லை. ரவுட்டர் வீட்டுக்கு ஒன்று. ஆக்சஸ் பாயின்ட் தேவைப்படும் இடமெல்லாம்.

நெட் நின்றுபோகும்போது எது பழுது என்று கண்டுபிடிக்கவும் இந்தப் பிரிவினை உதவும். ஃபோனில் வைஃபை கோடுகள் முழுசாக இருக்கின்றன, ஆனால் ‘இணைய இணைப்பு இல்லை’ என்று வருகிறது என்றால் ஆக்சஸ் பாயின்ட் நன்றாக இருக்கிறது. சிக்கல் ரவுட்டரிலோ அதற்கு அப்பால் நிறுவனத்தின் இணைப்பிலோ இருக்கிறது. வைஃபை பெயரே பட்டியலில் காணவில்லை, ஆனால் கேபிள் செருகிய கணினியில் நெட் வருகிறது என்றால் பழுது ஆக்சஸ் பாயின்டில். வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் செய்யும்போது இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள்; ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற கட்டத்தைத் தாண்டிப் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

இரண்டு கருவிகளும் பிறந்த கதையே தனித்தனி. 1969-இல் அமெரிக்காவில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் தொடங்கியபோது, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐ.எம்.பி. என்ற ஆளுயர இரும்புப் பெட்டியை நிறுவினார்கள். தொலைவில் உள்ள கணினிகளுக்கிடையே தகவல் பொட்டலங்களை வழிநடத்திய அதுதான் ரவுட்டர்களின் மூதாதை. 1984-இல் லெனர்ட் போசாக், சாண்டி லெர்னர் இணையர் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்து ரவுட்டர் கல்வி நிலையங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் பரவியது. அப்போது அதற்கும் ரேடியோவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஆக்சஸ் பாயின்டின் கதை கடையில் தொடங்குகிறது. 1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே தகவல் தொடர்புக்குப் பயன்படுத்த வழிவிட்டது. பணப்பதிவு இயந்திரங்கள் செய்துவந்த என்.சி.ஆர். நிறுவனத்துக்கு அது நல்வாய்ப்பாக அமைந்தது. கடைக்காரர்கள் அலமாரிகளை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் கல்லாவுக்கு வரும் கம்பியைப் பிடுங்கி மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் நெதர்லாந்துப் பொறியாளர்கள் அந்தக் கடைசிச் சில மீட்டர் கம்பியை இல்லாமல் செய்ய முயன்றார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ், வைஃபைக்கான தரத்தை வகுக்க 1990-இல் தொடங்கிய 802.11 தரக்குழுவுக்குப் பத்தாண்டு காலம் தலைவராக இருந்தார். 1997-இல் முதல் தரம் வெளிவந்தது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட்.

நான் இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டடம் முழுவதும் கம்பியைத் தூக்கி எறிவது அந்தப் பொறியாளர்களின் நோக்கமாக இருக்கவில்லை. ஏற்கெனவே கம்பி வந்து நிற்கும் இடத்திலிருந்து கருவி வரை உள்ள சிறு தூரத்தைத்தான் அவர்கள் ரேடியோவால் நிரப்பினார்கள். ஆக்சஸ் பாயின்டின் இயல்பு இன்றைக்கும் அதுவே. கம்பியின் முனையில் வைத்தால் அதன் முழுத்திறனும் வெளிப்படும்.

வீட்டுக்கு வந்தபோதுதான் இரண்டும் ஒரே கூட்டுக்குள் புகுந்தன. 1999-இல் ஆப்பிள் நிறுவனம் ஏர்போர்ட் என்ற நிலையத்தை ஐபுக் மடிக்கணினியோடு அறிமுகப்படுத்தியது. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனத்தின் நீலமும் கறுப்புமான பெட்டி வந்தது. ரவுட்டர், ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் மூன்றையும் சேர்த்துச் செய்த அந்த அமைப்பைத்தான் இன்றைய வீட்டுப் பெட்டிகள் பின்பற்றுகின்றன. இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு விதி வெளியிட்டது. அதன் பிறகு வைஃபை நம் வீடுகளுக்குள் தாராளமாக நுழைந்தது. நுழையும்போதே ஒட்டிப்பிறந்த பெட்டியாகவே வந்தது. ஒன்றாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு உள்ளே இரண்டு தனித்தனிக் கருவிகள் இருப்பது எப்படித் தெரியும்?

இனி, ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கீழிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரில் வெளி இணைப்புக்கென இருக்கும் ‘வான்’ துளையில் செருகினால், மாடி ரவுட்டர் கீழ்வீட்டையே வெளியுலகம் என்று எடுத்துக்கொள்ளும். மாடிக் கருவிகளுக்குத் தனியாக எண் கொடுத்து, தனி எல்லை போட்டுவிடும். ஒரே குடும்பம் இரண்டு வலையமைப்பாகப் பிரிந்துவிடுகிறது. பிரின்டரும் டிவியும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தம் வலையமைப்புக்குள் மட்டும் அறிவிப்பவை. அந்த அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது. அதனால்தான் மாடியிலிருந்து தேடினால் அவை கிடைப்பதில்லை. வெளியே போகும் தகவலுக்கும் இரண்டு முறை எண் மாற்றம் நடக்கிறது. சாதாரணமாகப் படம் பார்க்க இது இடைஞ்சல் செய்யாது. ஆன்லைன் விளையாட்டுக்கும், வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்க்க நினைப்பவர்களுக்கும் தலைவலியாகிவிடும். இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே எண்ணைத் தமக்கு வைத்திருந்தால் மாடியில் நெட்டே வராமல் போகலாம்.

கேபிளை லேன் துளையில் செருகிவிட்டு மற்ற எதையும் மாற்றாமல் விட்டால் நிலைமை இதைவிட மோசம். இப்போது ஒரே வலையமைப்பில் இரண்டு பேர் எண் கொடுக்கிறார்கள். கீழ் ரவுட்டரிடம் எண் வாங்கிய ஃபோனில் நெட் வரும். மாடி ரவுட்டரிடம் வாங்கிய ஃபோனில் வராது. எந்த ஃபோன் எப்போது யாரிடம் வாங்கும் என்று சொல்ல முடியாது. ‘நெட் வருது, போகுது, எதுக்குன்னே தெரியலை’ என்று எழுதும் வாசகர்கள் பலர் வீட்டில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

நல்ல செய்தி என்னவென்றால், ஏற்கெனவே வாங்கிய இரண்டாவது ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய இணைப்பின்போது வாங்கிப் பரணில் போட்டு வைத்திருக்கும் பெட்டியைக்கூட ஆக்சஸ் பாயின்டாக மாற்றிக்கொள்ளலாம். அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான வேலை முடிந்தது. எந்தத் துளையில் கேபிளைச் செருகுவது என்பதைக் கூடவே வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேர்வு இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும். கீழே உள்ள ரவுட்டரோடு இணைக்கும் முன்னரே, இரண்டாவது பெட்டியை மட்டும் தனியாக ஒரு கணினியோடு இணைத்து அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். முதலில் டி.எச்.சி.பி. என்று இருப்பதை நிறுத்துங்கள். எண் கொடுக்கும் வேலை அதுதான். பிறகு பெட்டியின் சொந்த எண்ணை மாற்றுங்கள். கீழே உள்ளது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று வைக்கலாம். கீழ் ரவுட்டர் மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் வரிசையில் அந்த எண் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றையும் கீழே உள்ளது போலவே வையுங்கள். கடைசியாகக் கீழ்ப் பெட்டியின் லேன் துளையிலிருந்து கேபிளைக் கொண்டுவந்து இதன் லேன் துளையில் செருகுங்கள். வான் துளை காலியாகவே இருக்கட்டும். இனி வீடு முழுவதற்கும் ஒரே வலையமைப்பு. பிரின்டர் எங்கே இருந்தாலும் கிடைக்கும்.

பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால் மாடியேறும்போது ஃபோன் தானாகவே அருகில் உள்ள ஆக்சஸ் பாயின்டுக்கு மாறிக்கொள்ளும். எப்போது மாறுவது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஃபோன்தான். சில ஃபோன்கள் பழைய சிக்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்; வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அலைவரிசைத் தடத்தை மட்டும் வேறுவேறாக வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று உரசாதவை. கீழே 1 என்றால் மாடியில் 6.

பழைய பெட்டிகளில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலவற்றின் லேன் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. நீங்கள் 300 மெகாபிட் திட்டம் வாங்கியிருந்தாலும் மாடியில் 100-ஐத் தாண்டாது. பாடத்துக்கும் வீடியோ அழைப்புக்கும் அது தாராளம்தான். வைஃபை பாதுகாப்பில் டபிள்யூ.பி.ஏ.2 கூட இல்லாத அளவுக்குப் பழைய பெட்டி என்றால் பரணிலேயே இருக்கட்டும், பயன்படுத்த வேண்டாம்.

‘நிறைய ஆன்டெனா வச்ச பெரிய ரவுட்டரா ஒண்ணு வாங்கிட்டா போதாதா?’ என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. பெட்டி எவ்வளவு ஓங்கிப் பேசினாலும், ஃபோன் சொல்லும் பதில் அதன் காதில் விழ வேண்டும். ஃபோனின் ஆன்டெனா சிறியது, அது செலவிடும் ஆற்றலும் குறைவு. நம் ஊர் வீடுகளிலோ கம்பி கட்டிய கான்கிரீட் தளம், செங்கல் சுவர், நடுவில் இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி என்று தடைகள் வரிசையாக நிற்கின்றன. வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4-ஐ விடச் சுவரில் அதிகமாக அடிபடும். ஆன்டெனாவைக் கூட்டுவதைவிட ஆக்சஸ் பாயின்டை ஆள் இருக்கும் அறைக்குக் கொண்டுபோவதே சரியான வழி.

ரிப்பீட்டர் என்று ஒன்றையும் கடைகளில் காட்டுவார்கள். கேபிள் வேண்டாம், பிளக்கில் செருகினால் போதும் என்பது அதன் கவர்ச்சி. ஒரே அலைவரிசையில் கேட்டு, அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் சாதாரண ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். பல பெட்டிகள் ஒரே வலையமைப்பாகச் சேர்ந்து இயங்கும் மெஷ் கருவிகள் இதைவிட நன்றாக வேலை செய்கின்றன. வாடகை வீட்டில் சுவரில் துளை போட முடியாதவர்களுக்கு அவை நல்ல வழி. மெஷ் வாங்கினாலும் பெட்டிகளுக்கு நடுவே கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

எல்லா வீட்டுக்கும் ஆக்சஸ் பாயின்ட் தேவை என்றும் நான் சொல்ல மாட்டேன். இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் பெட்டியின் இடத்தை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். ஃபைபர் உள்ளே நுழைகிற மூலையிலேயே, டிவி ஷோகேஸுக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வயரைக் கொஞ்சம் நீளமாக இழுக்க வேண்டியிருக்கும். தயங்காமல் கேளுங்கள், நீங்கள் பணம் கட்டி வாங்கும் இணைப்பு அது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் கூரையில் பதிக்கும் ஆக்சஸ் பாயின்டுகளையும் பாருங்கள். அவற்றுக்கு மின்சாரமும் லேன் கேபிளிலேயே போய்விடும். 2003-இல் வந்த தரத்தின்படியே ஒரு கேபிளில் 15.4 வாட் வரை அனுப்பலாம். கூரைக்குத் தனி பிளக் பாயின்ட் தேவையில்லை. மின்வெட்டு நேரத்தில் கீழே ரவுட்டருக்கும், மின்சாரம் ஏற்றும் ஸ்விட்சுக்கும் ஒரே ஒரு சிறிய யூ.பி.எஸ். வைத்தால் மாடி வைஃபையும் சேர்ந்து ஓடும். பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய உதவி.

முக்கியமான வேண்டுகோளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களே, கூரை கான்கிரீட் போடுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுப்பகுதிக்கும் ஒரு தனி பைப் போடச் சொல்லுங்கள். மின் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளைத் திணிக்க விடாதீர்கள். அது ஆபத்து, சிக்னலுக்கும் கேடு. கேபிள் கேட்-6 ஆக, முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் வேண்டாம். உள்ளே இருக்கும் எட்டு கம்பிகளையும் இணைக்கச் சொல்லுங்கள். நான்கை மட்டும் இணைத்தால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். நல்ல கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் தாங்கும். எந்த வீட்டுக்கும் இது போதும். பூச்சு முடிந்து பெயின்டும் அடித்த பிறகு சுவரில் காடி வெட்டுவது பெருஞ்செலவு. இப்போதே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்